'வேணாம்' என்ற சொல்லை நம் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது?



ஒரு காட்சியை மனசுல ஓட்டிப் பாருங்க.

சாயங்காலம் நாலரை மணி. பள்ளிக்கூடம் விட்டாச்சு. ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றான். காம்பவுண்டு சுவருக்குப் பின்னாடி சந்துல நாலு பேர் நிக்கிறாங்க. மூணு பேர் இவன் வகுப்பு. நாலாவது ஆள் பதினொண்ணாவது படிக்கிற அண்ணன், கபடி டீம் கேப்டன். இவனுக்கு அந்த அண்ணன்னா உசிரு. "அடுத்த மேட்ச்ல உன்ன இறக்குறேன்டா"ன்னு போன வாரம்தான் சொல்லியிருக்கார்.

அண்ணன் கையை நீட்டுறார். உள்ளங்கையில ஒரு சின்னப் பொட்டலம்.

"ஒண்ணு வாய்ல வைடா. ஒண்ணும் ஆகாது. எல்லாரும்தான் வைக்கிறோம்."

மத்த மூணு பேரும் இவன் முகத்தையே பார்க்கிறாங்க. ஒருத்தன் சிரிக்கிறான். "விடுண்ணே, அவன் அம்மா புள்ள."

அந்தப் பையனிடம் இருப்பது பத்து விநாடி. அவ்வளவுதான். பக்கத்தில் அம்மா இல்லை, ஆசிரியர் இல்லை, போலீஸ் இல்லை, நாமும் இல்லை.

அந்தப் பத்து விநாடிக்காக இந்தச் சமூகம் அவனுக்கு என்ன கற்றுக் கொடுத்து அனுப்பியிருக்கிறது? இன்றைய தலையங்கம் இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

உறுதிமொழி எடுத்தாச்சு, அப்புறம்?

ஜூன் 26 சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு நாள். ஐ.நா. சபை 1987இல் அறிவித்தது. அன்றைக்கு நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். காலை இறைவணக்கக் கூட்டத்தில் வலது கையை நீட்டி உறுதிமொழி. அப்புறம் பதாகை பிடித்து ஊர்வலம். ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி. காவல் துறை அதிகாரி ஒருவர் வந்து அரை மணி நேரம் பேசுவார். மண்டை ஓடு படம் போட்ட போஸ்டர் சுவரில் ஒட்டப்படும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதும் அந்த வருஷக் கணக்கு முடிந்தது.

இதையெல்லாம் செய்யக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். அந்தச் சந்தில் நிற்கிற பையனும் இந்த உறுதிமொழியை எடுத்தவன்தான். போதை கெட்டது என்று அவனுக்குத் தெரியும். கட்டுரைப் போட்டியில் பரிசுகூட வாங்கியிருப்பான். அவனுக்குத் தெரியாதது வேறு. தனக்குப் பிடித்த அண்ணனிடம், நாலு பேர் பார்க்கும்போது, நட்பும் போகாமல் மானமும் போகாமல் 'வேணாம்' என்று எப்படிச் சொல்வது? அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு தடவைகூட பழக்கிப் பார்க்கவில்லை.

நீச்சல் பற்றிக் கட்டுரை எழுதியவன் கிணற்றில் விழுந்தால் மிதந்துவிடுவானா? தண்ணியில இறங்கிப் பழகினாத்தானே வரும்! மறுப்பதும் அப்படித்தான். பழகினால்தான் வரும்.

யார் கொடுக்கிறார்கள்?

நம் மனசில் ஒரு சினிமா வில்லன் இருக்கிறான். கறுப்புக் கண்ணாடி, கார், பள்ளி வாசலில் மிட்டாய் மாதிரி எதையோ நீட்டுகிற அந்நியன். "தெரியாதவங்க எது கொடுத்தாலும் வாங்காத" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறோம். சரிதான். ஆனால் முதல் தடவை நீட்டப்படும் கை பெரும்பாலும் தெரிந்தவரின் கை. பக்கத்து பெஞ்சு நண்பன், சீனியர் அண்ணன், சொந்தக்காரப் பையன், பிறந்தநாள் பார்ட்டிக்குக் கூப்பிட்ட தோழி. அன்பு, பாசம், 'நம்ம செட்டு' என்ற உரிமை. போதை இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. வியாபாரி அந்தச் சங்கிலியின் மறுமுனையில், பிள்ளையின் கண்ணில் படாமல் இருக்கிறான்.

அதேபோல், போதை என்றதும் கஞ்சாவை மட்டும் நினைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு முதலில் வருவது பல இடங்களில் உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம். குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை ஆணை போடப்பட்டு வருகிறது. ஆனாலும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 'கூல் லிப்' போன்ற பொருளுக்குப் பள்ளி மாணவர்கள் அடிமையாவது பற்றிக் கவலை தெரிவித்துக் கேள்வி எழுப்ப வேண்டியிருந்தது. வாடை இல்லை, புகை இல்லை, வகுப்பில் வைத்துக்கொண்டே உட்காரலாம். வாத்தியாருக்கே தெரியாது. இது போக சிகரெட், பீர், வலி மாத்திரை, பசை.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. மது, கஞ்சா, அபின் வகை எல்லாவற்றிலும் பெரியவர்களின் பயன்பாடு அதிகம். மூக்கால் இழுக்கும் பொருள்களில் மட்டும் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் விகிதம் பெரியவர்களை மிஞ்சி நின்றது. அதிலிருந்து மீள உதவி தேவைப்படும் குழந்தைகள் நாடு முழுவதும் சுமார் 4.6 லட்சம் என்று அந்த ஆய்வு சொன்னது. கஞ்சா கடத்தலைப் பிடிக்கும் சோதனைச் சாவடிக்கு இது சிக்குமா? பசையும் ஒயிட்னரும் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற பொருள். இங்கே பிள்ளைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அவனுடைய சொந்த மறுப்புதான்.

இதில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 2016 டிசம்பரில் அது ஓர் உத்தரவு போட்டது. குழந்தைகளின் போதைப் பழக்கம் பற்றிக் கணக்கெடுங்கள், தேசிய செயல்திட்டம் வகுங்கள், பள்ளிப் பாடத்திட்டத்தில் இதைக் கொண்டுவாருங்கள் என்று அதில் சொல்லப்பட்டது. கணக்கு எடுத்தாச்சு. பாடம் எங்கே? வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியட்? இதற்குப் பதில் சொல்லக்கூடிய தலைமை ஆசிரியர் உங்கள் ஊரில் இருந்தால் அவருக்கு ஒரு வணக்கம் வையுங்கள்.

அமெரிக்கா பணம் கொட்டிப் படித்த பாடம்

நாம் இன்று செய்துகொண்டிருப்பதை அமெரிக்கா நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. அதனால் அந்தக் கதை நமக்குத் தேவை.

1982இல் அன்றைய அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகன், கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனார். யாராவது போதைப்பொருள் கொடுத்தால் என்ன செய்வது என்று ஒரு சிறுமி கேட்டாள். 'வேண்டாம் என்று சொல்லிவிடு' என்பது அவர் சொன்ன பதில். அதுவே நாடு முழுக்க முழக்கமானது. பேட்ஜ், டி-ஷர்ட், டிவி விளம்பரம் எல்லாம் வந்தன.

அடுத்த வருஷம், 1983இல், லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையும் அந்த நகரப் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து 'டேர்' என்ற திட்டத்தைத் தொடங்கின. சீருடை போட்ட போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து, வாரம் ஒரு பாடமாகப் போதையின் தீமையைச் சொல்லிக் கொடுப்பார். பெற்றோருக்குப் பிடித்தது. அரசியல்வாதிகளுக்கு ரொம்பவே பிடித்தது. அந்த நாட்டின் முக்கால்வாசிப் பள்ளி மாவட்டங்களுக்கு அது பரவியது.

பலன்? ஆராய்ச்சியாளர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குப் பார்த்தார்கள். 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போதைப் பயன்பாட்டில் அந்தத் திட்டத்தின் தாக்கம் மிகச் சொற்பம் என்று தெரிந்தது. 1999இல் வந்த ஆய்வு, திட்டத்தில் படித்த பிள்ளைகளைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தது. படிக்காதவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2003இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே நீண்டகால ஆய்வுகளை அலசிவிட்டு அதே முடிவைச் சொன்னது.

ஏன் தோற்றது? பிள்ளைகளிடம் தகவல் போய்ச் சேர்ந்தது, பழக்கம் போய்ச் சேரவில்லை. 'வேண்டாம் என்று சொல்' என்றார்கள். எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு நண்பனை இழந்தால் என்ன செய்வது, அடுத்த நாள் அதே பெஞ்சில் எப்படி உட்காருவது என்று யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசவில்லை.

அந்த அமைப்பு கடைசியில் தன் பாடத்தையே மாற்றியது. 2009இல் அது எடுத்துக்கொண்ட புதிய பாடம், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரப் பிள்ளைகளிடமே 'நீங்க எப்படி மறுத்தீங்க?' என்று கேட்டு உருவாக்கப்பட்டது. பிள்ளைகள் சொன்ன வழிகள் நாலு: மறு, காரணம் சொல், தவிர், விலகு. பெரியவர்கள் மேடையில் கண்டுபிடிக்காததைப் பிள்ளைகள் தெருவிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்!

ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் 2013இல் முதலில் வெளியிட்டு, 2018இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்த தடுப்பு வழிகாட்டியும் இதையே சொல்கிறது. வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தல், பழைய அடிமைகளை மேடையேற்றி அனுபவம் பேச வைப்பது போன்றவை பலன் தருவதில்லை, சில நேரம் கெடுதலும் செய்யலாம். பிள்ளைகள் பேசி, நடித்து, பழகும் வகுப்புகள் பலன் தருகின்றன. இதை யாரும் மறைத்து வைக்கவில்லை. நாம்தான் இன்னும் மண்டை ஓடு போஸ்டரை விட்டு வரவில்லை.

அப்போ எது வேலை செய்கிறது?

கில்பர்ட் போட்வின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'வாழ்க்கைத் திறன் பயிற்சி' என்ற பாடத்தை உருவாக்கினார். நியூயார்க் மாநிலத்தின் 56 பள்ளிகளில், 7ஆம் வகுப்பில் தொடங்கிய சுமார் 6,000 மாணவர்களை 12ஆம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார். 1995இல் வெளியான முடிவு: பயிற்சி பெற்றவர்களிடம் புகை, மது, கஞ்சா மூன்றும் குறைவு. பாடத்தைப் பெரும்பாலும் முழுசாக நடத்திய வகுப்புகளில் பலன் இன்னும் அதிகம்.

எத்தனை வகுப்பு தெரியுமா? 7ஆம் வகுப்பில் 15, எட்டாம் வகுப்பில் 10, ஒன்பதாம் வகுப்பில் 5. மூணு வருஷத்துக்கும் சேர்த்து 30 பீரியட். அவ்வளவுதான் தோழர்களே! காலாண்டு, அரையாண்டு என்று பரீட்சைக்கே எத்தனை நாள் செலவு பண்றோம்? ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்கு 30 பீரியட் கிடைக்காதா?

அந்த வகுப்பு எப்படி இருக்கும்? நம் ஊருக்கு ஏற்ற மாதிரி சொல்கிறோம்.

முதலில், 'எல்லாரும்தான் வைக்கிறோம்' என்ற பொய்யை உடைக்க வேண்டும். நெருக்கடியின் பாதிப் பலம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் வயதுக்காரர்களின் பழக்கத்தை உண்மையைவிட அதிகமாக மதிப்பிடுவார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பள்ளி முழுக்கப் பெயர் எழுதாத சீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். 'நூறு பேரில் எத்தனை பேர் பயன்படுத்துவதாக நினைக்கிறாய்? நீ பயன்படுத்துகிறாயா?' இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிப் போடுங்கள். 'அட, எல்லாரும் இல்லையா!' என்று பிள்ளைகளே சொல்வார்கள். தான் தனியாள் இல்லை என்று தெரிந்த பிள்ளைக்குத் தைரியம் தானாக வரும். ஒரு நிபந்தனை: எழுதியது யார் என்று யாரும் தேடக் கூடாது. தேடினால் அடுத்த தடவை ஒருத்தனும் உண்மை எழுத மாட்டான்.

அடுத்து, நடித்துப் பழகுவது. நாலு நாலு பேராகப் பிரிந்து, ஒருத்தர் வற்புறுத்த வேண்டும், ஒருத்தர் மறுக்க வேண்டும், ரெண்டு பேர் பார்க்க வேண்டும். அப்புறம் ஆள் மாறணும். வற்புறுத்துகிற வசனம் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் நிஜமாகக் கேட்ட வசனமாக இருக்கட்டும்.

"ஒரு தடவைதானடா" என்றால், "ஒரு தடவையும் வேணாம்டா" என்று நேராக மறுக்கலாம்.

"பயமா?" என்றால், "ஆமா, பயம்தான். எனக்கு மேட்ச் இருக்கு, மூச்சு வாங்கக் கூடாது" என்று காரணம் சொல்லலாம். பயம் என்று ஒத்துக்கொள்வதில் கேவலம் ஒன்றுமில்லை என்பதும் ஒரு பாடம்.

மொட்டை மாடியில் இன்னைக்கு என்ன நடக்கும் என்று முன்னாடியே தெரிந்தால், "வீட்ல வேலை இருக்கு"ன்னு போகாமலே தவிர்க்கலாம்.

எதுவும் எடுபடவில்லையா? வாதாட வேண்டாம். "சரிடா, நான் வர்றேன்"னு சைக்கிளை எடுத்துக் கிளம்பு. விலகிப் போவது தோல்வி இல்லை. அங்கே நின்று தர்க்கம் பண்ணி ஜெயிக்க இது பட்டிமன்றம் இல்லை.

பொம்பளப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் தேவையில்லை என்று யாரும் ஒதுக்காதீர்கள். அவர்களுக்கு வரும் நெருக்கடியின் உருவம் வேறாக இருக்கலாம். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று காதலின் பெயரால் வரலாம், இன்ஸ்டாகிராம் குழுவில் கேலியாக வரலாம். அதையும் வகுப்பில் பேச வேண்டும்.

இன்னொன்று முக்கியம். வற்புறுத்துகிற பாத்திரத்தில் நடித்த பிள்ளையும் ஒன்று கற்றுக்கொள்கிறான். 'நானும் போன வாரம் ஒருத்தனை இப்படித்தான் கூப்பிட்டேன்' என்று அவன் மனசில் தைக்கும். அந்தக் கபடி அண்ணனும் நம் பிள்ளைதான். அவனுக்கு ஒன்பதாவதில் யாரோ நீட்டினார்கள். அவனுக்கும் மறுக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதை நடத்த வேண்டியவர் வகுப்பு ஆசிரியர், பயிற்சி பெற்ற ஆசிரியர். வியாபாரியைப் பிடிப்பது காவல் துறையின் வேலை. அதை அவர்கள் ஒழுங்காகச் செய்யட்டும். லத்தி வைத்திருப்பவரிடம் எந்தப் பிள்ளையாவது "சார், நான் ரெண்டு தடவை வச்சுப் பார்த்தேன்" என்று சொல்லுமா?

சொன்னால் டி.சி.யா?

இங்கேதான் நம் ஊர்ப் பிரச்சினையின் முடிச்சு இருக்கிறது. ஒரு பிள்ளை தைரியமாக வந்து உண்மையைச் சொன்னால் என்ன நடக்கிறது? அப்பாவைக் கூட்டிட்டு வா என்கிறார்கள். எல்லார் முன்னாடியும் திட்டு. கடைசியில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். 'நம்ம ஸ்கூல் பேரு கெடக் கூடாது.'

பேரு காப்பாத்தியாச்சு. பிள்ளை?

பள்ளியை விட்டுப் போன பிள்ளை நேராகப் போய் நிற்கிற இடம் அதே சந்துதான். இப்போ நாள் முழுக்க நிற்பான். கொஞ்ச நாளில் அவனே பொட்டலம் சுமப்பான். வியாபாரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையைப் பள்ளியே செய்த மாதிரி ஆகிவிடும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. சரி. ஆபத்து கூடும் வயது எது? ஒன்பதாவது, பத்தாவது, பதினொண்ணாவது. சரியாக அந்த இடத்தில் இந்தச் சட்டத்தின் குடை முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு மழை பிடிக்கும்போது குடையை மடக்கினால் எப்படி?

போதைப்பொருள் சட்டமே சிகிச்சைக்கு வருகிறவருக்கு வழி விட்டிருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால், பயன்படுத்திய குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. அவ்வளவு கடுமையான சட்டம் காட்டுகிற கருணையை ஒரு பள்ளிக்கூடம் காட்டக் கூடாதா?

சட்டம் இருக்கு, இருநூறு ரூபாயும் இருக்கு

பிள்ளைக்கு மறுக்கச் சொல்லிக் கொடுப்போம். அதற்காக எல்லாப் பாரத்தையும் பிள்ளை தலையில் வைக்க முடியாது. வாசலில் கடையைத் திறந்து வைத்துவிட்டு 'நீ வாங்காதே' என்று பதிமூணு வயசுப் பிள்ளையிடம் சொல்வது நியாயமா?

2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கவே கூடாது. மீறினால் அபராதம்? 200 ரூபாய் வரை! ஒரு மணி நேர வியாபாரத்தில் எடுத்துவிடுவான்.

ஆனால் இன்னொரு சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 77ஆவது பிரிவு. ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 78ஆவது பிரிவு, குழந்தையை விற்கவோ சுமக்கவோ பயன்படுத்தினாலும் அதே தண்டனை. 200 ரூபாய்ச் சட்டத்தில் ரசீது போட்டுவிட்டுப் போகாமல், இந்தப் பிரிவில் வழக்குப் போடுங்கள் என்று காவல் நிலையத்தில் போய்க் கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

பிள்ளை 'வேணாம்' என்று சொன்ன பிறகு போவதற்கு ஓர் இடமும் வேண்டும். ஐஸ்லாந்து என்ற குட்டி நாடு இதைச் செய்து காட்டியது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் புகைத்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதம் ஆனார்கள். எப்படி? விளையாட்டு, இசை, நடனத்துக்குப் பிள்ளைகளை அனுப்பக் குடும்பங்களுக்கு உதவிப் பணம். ராத்திரி தெருவில் சுற்ற நேரக் கட்டுப்பாடு. பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். வருஷா வருஷம் பிள்ளைகளிடமே கணக்கெடுத்து, பலனைப் பார்த்துப் பார்த்துத் திட்டத்தைத் திருத்தினார்கள்.

நம்ம ஊரில் பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். சாயங்காலம் மைதான கேட்டுக்குப் பூட்டு. பிள்ளை எங்கே போவான்?

வீட்டுக்கு ஒரு வார்த்தை

அம்மா அப்பாக்களே, உங்ககிட்ட ரெண்டு விஷயம்.

ஒண்ணு: பிள்ளைகிட்ட இன்னைக்கு ராத்திரியே சொல்லுங்க. "எந்த இடத்துல, எந்த நேரத்துல மாட்டிக்கிட்டாலும் எனக்குப் போன் போடு. நான் வந்து கூட்டிட்டு வர்றேன். அன்னைக்கு ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன். மறுநாள் பேசிக்கலாம்." ஒரு சங்கேத வார்த்தைகூட வச்சுக்கலாம். பிள்ளை போன் பண்ணி "பாட்டிக்கு மாத்திரை வாங்கியாச்சா?"ன்னு கேட்டா, 'இங்கேருந்து என்னைக் கூப்பிடு'ன்னு அர்த்தம். உடனே நீங்க சத்தமா, "எங்கடா இருக்க? உடனே வீட்டுக்கு வா!"ன்னு திட்டுங்க. அந்தத் திட்டைக் காரணம் காட்டி அவன் மானத்தோட கிளம்பி வந்துடுவான்.

ரெண்டாவது: "கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிட்டு வாடா"ன்னு பிள்ளையை அனுப்பாதீங்க. கடைக்காரருக்கும் பிள்ளைக்கும் அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக் கொடுப்பது நாமாகவே இருக்கக் கூடாது.

நம்மை நாமே கேட்போம்

இதை எழுதும்போது கையை நம் பக்கமும் நீட்டித்தான் ஆக வேண்டும். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் கூட்டி வரும் வேனில் என்ன இருக்கிறது? கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், தேர்தல் வேலையில், பதினாறு வயசுப் பையனைக் கூட உட்கார வைத்துக்கொண்டு "நம்ம தம்பிக்கும் ஒரு மூடி ஊத்து" என்று சொல்கிற அண்ணன் யார்? அது எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சியிலும் இருக்கிறார். நம் கட்சியில் இருந்தால் அவருக்கும் 77ஆவது பிரிவு பொருந்தும். நம் கொடி கட்டிய பெட்டிக்கடையில் பொட்டலம் விற்றால், கொடியை முதலில் நாமே இறக்குவோம்.

நாம் வைக்கும் கோரிக்கைகள்

ஒன்று, அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லாப் பள்ளிகளிலும் 7, 8, 9ஆம் வகுப்புகளில் 15, 10, 5 என்று 30 பீரியட் மறுப்புப் பயிற்சி. அதற்கு ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி.

இரண்டு, போதைப் பழக்கம் காரணமாக எந்த மாணவரையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது என்று தெளிவான அரசாணை.

மூன்று, பள்ளிகளில் முழுநேர ஆலோசகர். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி இடம், தனி நேரம், பெயர் வெளியே போகாத சிகிச்சை.

நான்கு, 100 கஜ எல்லையைச் சாலையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். மாதம் ஒரு முறை சோதனை. குழந்தைக்கு விற்றவர் மேல் 77ஆவது பிரிவில் வழக்கு.

ஐந்து, பி.இ.டி. பீரியடை யாரும் கடன் வாங்கக் கூடாது. பள்ளி மைதானம் மாலை ஆறரை வரை திறந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் இந்த மாதமே செய்ய வேண்டியது மூன்று. உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் 30 பீரியட் பற்றிக் கேளுங்கள். பள்ளி வாசலிலிருந்து 100 கஜம் அளந்து, உள்ளே உள்ள கடைக்காரரிடம் முதலில் மரியாதையாகப் பேசுங்கள், கேட்காவிட்டால் புகார் எழுதுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், மூன்றையும் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த நோட்டீசில் தலைவர் படம் வேண்டாம், மாவட்டம் படம் வேண்டாம், கட்சிச் சின்னமும் வேண்டாம். எண் மட்டும் பெரிதாகத் தெரியட்டும்.

திரும்பவும் அந்தச் சந்து

நாலரை மணி. சைக்கிள். நாலு பேர். நீட்டிய கை.

"வேணாண்ணே. எனக்கு மேட்ச் இருக்கு. நீங்களும் வைக்காதீங்கண்ணே, ரெய்டு போறப்ப மூச்சு பத்தாது."

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறி மிதிக்கிறான். பின்னால் ஒருத்தன் சிரிக்கிறான், சிரிக்கட்டும். வகுப்பில் இந்தச் சிரிப்பை அவன் பத்துத் தடவை கேட்டுப் பழகியிருக்கிறான். அந்த மூணு பேரில் இன்னொருத்தன், இதுக்காகவே காத்திருந்த மாதிரி, "டேய் இருடா, நானும் வர்றேன்" என்று பின்னாலேயே ஓடி வருகிறான்.

இந்தக் காட்சி நம் ஊரில் நடக்க வேண்டும். அதற்கு 30 பீரியட் கேட்கிறோம்.

பகிருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு நடக்கிறதா என்று கமெண்டில் எழுதுங்கள். நடந்தால் அந்த ஆசிரியரைப் பாராட்டுவோம். நடக்காவிட்டால் சேர்ந்து போய்க் கேட்போம்.

#மறுக்கப்_பழக்குவோம்
#முப்பது_பீரியட்_வேண்டும்
#டிசி_கொடுக்காதே_கைகொடு